கடலூர்ச் சண்டையும் பம்பாய்ப் பள்ளமும்

1783 ஜூன் 20. கடலூருக்கு எதிரே கடலில் இங்கிலீஷ்காரர்களின் 18 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுக்காரர்களின் 15 போர்க்கப்பல்களும் வரிசை கட்டி நின்று, சாயங்காலத்திலிருந்து இருட்டும்வரை ஒன்றையொன்று பீரங்கியால் பொளந்து தள்ளின. இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு பேர் செத்தார்கள். எண்ணூறு பேருக்கு மேல் காயம். இதில் ஒரு சின்ன சிக்கல். இரண்டு தேசங்களும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது அதே வருடம் ஜனவரி 20-ம் தேதி. சரியாக ஐந்து மாதம் முன்னால். தபால் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சண்டைக்கு வரலாற்றுப் புத்தகங்களில் இரண்டு கதாநாயகர்கள். பிரெஞ்சுத் தரப்பில் அட்மிரல் சுஃப்ரான். இங்கிலீஷ் தரப்பில் அட்மிரல் சர் எட்வர்ட் ஹியூஸ். இருவரும் மாவீரர்கள், கடல் சிங்கங்கள் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இருவருமே நல்ல குண்டு என்பதை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஹீரோ இருவருமே இல்லை. பம்பாயில் ஒரு பார்சி தச்சர் மேற்பார்வையில் வெட்டப்பட்ட ஒரு பள்ளம். பள்ளம் என்றால் சாதாரணப் பள்ளம் இல்லை, டிரை டாக். 1750-ல் கட்டியது. ஆசியாவின் முதல் டிரை டாக் என்று சொல்வார்கள். கடலூர் கோட்டை யார் கையில், பாண்டிச்சேரி யார் கையில், சிதம்பரம் கோயிலுக்குள் யாருடைய சிப்பாய்கள் சோறு பொங்குகிறார்கள் என்பதையெல்லாம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்தப் பள்ளம்தான் பாதி தீர்மானித்தது.

நம்ப முடியவில்லையா? கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஆரம்பிப்போம்.

அந்தக் காலத்துப் போர்க்கப்பல் முழுக்க மரம். வெதுவெதுப்பான நம் கடலில் மரம் தின்னும் புழு உண்டு. மேலே ராஜா கொடி, தங்க முலாம் பூசிய சிங்கம், விறைப்பாக நிற்கும் கேப்டன். கீழே புழு நிதானமாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பாசியும் சிப்பியும் வேறு ஒட்டிக்கொள்ளும். கப்பல் வேகம் போய்விடும். எனவே அவ்வப்போது அடிப்பாகத்தைச் சுரண்டி, சொத்தைப் பலகையை மாற்றி, இடுக்குகளில் கயிற்று நாரைத் திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். ஆனால் அடிப்பாகம் தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது?

இதற்கு ஏழை வழி ஒன்று, பணக்கார வழி ஒன்று. ஏழை வழியில் பீரங்கிகளையெல்லாம் இறக்கிவிட்டு, பாய்மரத்தில் கயிறு கட்டி இழுத்து, கப்பலை எருமை மாதிரி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம். அலையில்லாத இடம் வேண்டும். படுத்த கப்பல் எழுந்திருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

பணக்கார வழிதான் டிரை டாக். கரையில் கப்பல் அளவுக்குப் பள்ளம் வெட்டிக் கல் பாவி, கடல் பக்கம் ஒரு கதவு வைப்பார்கள். கடல் ஏறும்போது கதவைத் திறந்தால் கப்பல் ஜம்மென்று உள்ளே வரும். கடல் இறங்கும்போது தண்ணீர் தானாக வடிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு, மிச்சத்தை இறைத்துவிட்டால் கப்பல் கட்டைகளின் மேல் காய்ந்து நிற்கும். தச்சர்கள் சாவகாசமாக அடியில் நடந்துபோய், கப்பலின் முதுகெலும்பான ஏரா மரத்தைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கலாம். அந்தக் காலத்தில் ராட்சத பம்ப் கிடையாது. பெரும்பாலான வேலையைக் கடலேதான் செய்ய வேண்டும், சம்பளம் வாங்காமல்.

இங்கேதான் நம் ஊர் மாட்டிக்கொண்டது. பம்பாயில் அமாவாசை, பௌர்ணமி என்றால் கடல் பதினான்கு, பதினைந்து அடி ஏறி இறங்கும். கடலூரில் மூன்றடி ஏறினாலே பெரிய விஷயம். கெடிலம், உப்பனாறு முகத்துவாரங்களில் மணல்மேடு வேறு. தோணி போகும், 74 பீரங்கிக் கப்பல் போகாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டே நிற்கும். கவர்னர் ஆனாலும் மூட்டையானாலும் படகில் இறங்கி, அலையில் நனைந்துதான் கரையேற வேண்டும். சமத்துவம் தழைத்த இடம்.

இவ்வளவு லட்சணமான கரையை இங்கிலீஷ்காரர்கள் வாங்கிய கதையும் ரசிக்கத்தக்கதுதான். 1690-ல் செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமை முகலாயர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பணம் தேவை. சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் (ஆமாம், அமெரிக்க யூனிவர்சிடிக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி) கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை விலை பேசினார். எல்லையை எப்படிக் குறிப்பது? கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது, குண்டு விழுகிற இடம்வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு! நல்ல பீரங்கியாக, கைதேர்ந்த ஆளாகப் பார்த்துத்தான் சுடவைத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? திசைக்கொரு குண்டு போயிற்று. கடலூர் நகரமே உள்ளே வந்துவிட்டது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை, பட்டா மாறுதலுக்கு அலையவில்லை. நிலத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. கடல் பக்கம் சுட்டிருந்தாலும் ஒரு துறைமுகம் கிடைத்திருக்காது.

செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடமே இங்கே வந்துவிட்டது. சென்னை ஏன் விழுந்தது? காப்பாற்ற வேண்டிய பெய்ட்டன் என்ற கடற்படைத் தளபதி, தன் கப்பல்களில் ஒன்று ஒழுகுகிறது என்று ரிப்பேருக்கு வங்காளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒரு ஒழுகல். ஒரு சென்னை. கணக்கு சரியாகிவிட்டது.

1749 ஏப்ரலில் அட்மிரல் பாஸ்கவென் இதே கரையில் கப்பல்களை நிறுத்திவிட்டுத் தரையில் இருந்தார். முந்தைய வருடம் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பிய மனிதர். புயல் அடித்தது. கொடிக்கப்பலான நாமூர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. பெம்புரோக் என்ற இன்னொரு கப்பலும் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் செய்யாததைக் கடலூர்க் கடல் ஒரே ராத்திரியில் செய்துவிட்டது. அட்மிரல்களுக்கு இன்னொரு பாடமும் தெரியும்: ஐப்பசி மழை தொடங்கும் முன் இந்தக் கரையை விட்டு ஓடிவிட வேண்டும். எங்கே ஓடுவது?

பம்பாயில் பதில் தயாராகிக்கொண்டிருந்தது. லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சி தச்சரை 1736-ல் சூரத்திலிருந்து கம்பெனி அழைத்து வந்திருந்தது. கூடவே சில தச்சர்கள். சம்பளம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. இவருடைய கப்பல்களில் உடம்பு மலபார் தேக்கு. தேக்கு, ஓக்கை விட நம் கடலுக்குத் தாக்குப்பிடிக்கும். 1750-ல் முதல் டாக் ரெடி. அப்புறம் அதை ஒட்டி இன்னும் இரண்டு. கிழக்கே இங்கிலீஷ் கடற்படைக்கு இதைப் போல வேறு இடம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன இருந்தது? மொரீஷியஸ். கடலில் ஒரு மாதப் பயணத்துக்கு மேல். அங்கே போனால் சோறும் கிடைக்காது. சோறு வாங்க ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

விளைவைப் பாருங்கள். 1758 ஏப்ரலில் கடலூருக்கு எதிரே இங்கிலீஷ் அட்மிரல் போகாக்கும் பிரெஞ்சு அட்மிரல் தாஷேயும் மோதினார்கள். யார் ஜெயித்தது என்று இன்றுவரை யாருக்கும் திருப்தியான பதில் இல்லை. ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து, வெடிவைத்துத் தகர்த்தார். பெரிய வெற்றி! மழைக்காலம் வந்தது. போகாக் பம்பாய் போய் ரிப்பேர் பார்த்துக்கொண்டு அடுத்த வருடம் திரும்பி வந்தார். தாஷே மொரீஷியஸ் போனார், வந்தார், 1759-ல் மறுபடி போனார், அதற்குப் பிறகு வரவேயில்லை. கப்பல் இல்லாத பாண்டிச்சேரி 1761 ஜனவரியில் பட்டினியால் சரணடைந்தது. பாரிஸில் லாலியின் தலையை வெட்டினார்கள். தாஷே படுக்கையில் நிம்மதியாகச் செத்தார். கடற்படையில் சேருவதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது.

இருபது வருடம் தள்ளுவோம். 1781. பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளியான மைசூர் ஹைதர் அலி கர்நாடகச் சீமையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார். வயதான இங்கிலீஷ் ஜெனரல் அயர் கூட் சேனையோடு கடலூருக்கு வந்து சேருகிறார். தரைப்பக்கம் ஹைதர். கடல் பக்கம் பார்த்தால் தோர்வ் என்ற பிரெஞ்சு அட்மிரல் கப்பல்களோடு நிற்கிறார். அரிசி வர வழியில்லை. ஹியூஸின் கப்பல்கள் எங்கே? அவை மேற்குக் கரையில். மங்களூரில் ஹைதரின் கப்பல்களை நொறுக்கிவிட்டு, பம்பாயில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தன. கடல் காலி. இன்னும் சில நாள் தோர்வ் அப்படியே சும்மா நின்றிருந்தால் போதும். கூட் கைகளைத் தூக்கியிருப்பார், தென்னிந்திய வரலாறு பிரெஞ்சில் எழுதப்பட்டிருக்கும். ஹைதர் கெஞ்சினார். தோர்வ் பிப்ரவரியில் நங்கூரத்தைத் தூக்கி மொரீஷியஸுக்குக் கிளம்பிவிட்டார். தண்ணீர் குறைவு, சாமான் குறைவு என்று காரணம். கூட் தன் கண்ணைத் தானே நம்பியிருக்க மாட்டார்.

தப்பித்த கூட் சும்மா இருந்தாரா? ஜூன் 18-ம் தேதி சிதம்பரத்துக்குப் போனார். நடராஜர் கோயில் அப்போது கோட்டை மாதிரி. உள்ளே ஹைதரின் ஆட்கள். கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், தட்டினால் திறந்துவிடும் என்று நினைத்தார். அடித்து விரட்டினார்கள். ஐரோப்பாவின் பீரங்கி நிபுணர்கள் கோயில் கல்மதிலில் முட்டிக்கொண்டு திரும்பினார்கள். பதிமூன்று நாள் கழித்துப் பரங்கிப்பேட்டைச் சண்டையில் கூட் ஹைதரை ஜெயித்து மானத்தை மீட்டுக்கொண்டார். அதனால் சிதம்பரத்தை நினைவுக் குறிப்பில் இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

1782-ல் சுஃப்ரான் வருகிறார். பிரெஞ்சுக் கடற்படையின் வழக்கமான கனவான்களுக்கும் இவருக்கும் சம்பந்தமே கிடையாது. அழுக்குச் சட்டை, பெருத்த உடம்பு, அடங்காத பசி. இவரிடம் கைதியாக மாட்டிய வில்லியம் ஹிக்கி என்ற வக்கீல், பார்த்தால் கசாப்புக்கடைக்காரர் மாதிரி இருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு கதை உண்டு. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்களாம். சாப்பிடும்போது வேறு எதிலும் கவனம் செலுத்தக் கூடாது என்பது எங்கள் மதக் கட்டளை என்று சொல்லி அனுப்பினாராம். வந்தவர்கள் அவருடைய பக்தியை மெச்சிக்கொண்டே திரும்பினார்களாம். இந்த மதத்தில் நம்மில் பலர் இருக்கிறோம்.

ஒன்றரை வருடத்துக்குள் ஹியூஸுடன் ஐந்து சண்டை. சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, இலங்கைக் கரையில், நாகப்பட்டினத்தில், திருகோணமலையில், கடைசியாகக் கடலூரில். ஐந்திலும் இருபக்கமும் ஒரு போர்க்கப்பல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் கப்பல்கள் மட்டும் சல்லடையாகிவிடும். அப்புறம் ரிப்பேர் போட்டி.

நாகப்பட்டினம் சண்டைக்குப் பின் சுஃப்ரான் கடலூருக்கு வந்தார். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். டாக் கிடையாது, உதிரிப் பாய்மரம் கிடையாது. சின்னக் கப்பல்களின் பாய்மரத்தைப் பிடுங்கிப் பெரிய கப்பலில் நட்டார். பிடித்த கப்பல்களைப் பிரித்தார். போதாததற்குக் கடலூரில் வீடுகளை இடித்து உத்திரங்களை எடுத்துக்கொண்டார் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், உங்கள் கொள்ளுத் தாத்தாவின் கொள்ளுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிரெஞ்சுத் தச்சன் வந்து கூரையை அண்ணாந்து பார்க்கிறான். திருகோணமலையில் இங்கிலீஷ்காரர்களை எதிர்த்து மிதந்தது பாதி நம் ஊர்க் கூரை.

இந்த இடைவெளியில் பாகூர் பக்கம் ஹைதர் அலியைப் போய்ப் பார்த்தார். கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார அந்த உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஹைதர் மெத்தைத் திண்டுகளை வரவழைத்து, மரியாதையெல்லாம் பார்க்காதீர்கள், வசதிப்படி உட்காருங்கள் என்றாராம். இரண்டு பேரரசுகளின் கூட்டணி ஒரு திண்டில் உறுதியானது.

ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரான் திருகோணமலையைப் பிடித்தார். செப்டம்பர் 3-ல் சண்டை. அக்டோபரில், கடலூர்க் கரைக்கு ரொம்பக் கிட்டே வந்த பிசார் என்ற அவருடைய போர்க்கப்பல் மணலில் ஏறிப் போயே போய்விட்டது. எதிரி பக்கத்திலேயே இல்லை. ஹியூஸ் அந்த ஐந்து சண்டையிலும் பிடிக்க முடியாததைக் கடலூர் மணல் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது.

ஹியூஸோ அக்டோபர் மத்தியில் சென்னையை விட்டு பம்பாய் டாக்குக்குக் கிளம்பினார். ஊரில் பஞ்சம், பக்கத்தில் ஹைதர், கவர்னர் மக்கார்ட்னி போகாதே என்று மன்றாடினார். கேட்கவில்லை. அந்த நேரத்தில் அடித்த புயலில் சென்னைக்கு வந்த அரிசிக் கப்பல்கள் பல உடைந்தன. டாக் என்று ஒன்று இருந்தால் அதற்குப் போகத் தோன்றும். டாக் இல்லாதவன் இருக்கிற இடத்திலேயே எதையாவது ஒட்டவைப்பான். அதனால் டாக் வைத்திருந்த ஹியூஸ் பாதி வருடம் காணாமல் போக, டாக் இல்லாத சுஃப்ரான் சுமத்ராவின் அச்சேயில் மழைக்காலத்தைக் கழித்துவிட்டு ஜனவரியிலேயே ஒரிசாக் கரையில் வந்து நின்றார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பியது ஏப்ரலில்.

ஆக, என் ஹீரோவுக்கே இது ஒரு சரிவுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள்: ஹியூஸ் எவ்வளவு சொதப்பினாலும் வருடா வருடம் புதுக் கப்பல் மாதிரி திரும்பி வந்துகொண்டே இருந்தார். சுஃப்ரானிடம் மேதைமை இருந்தது, அடியில் ஒழுகலும் இருந்தது. மேதைமைக்குக் கலப்பத்து அடிக்க முடியாது.

மறுபடி 1783 ஜூன். கடலூரை இங்கிலீஷ் ஜெனரல் ஸ்டூவர்ட் முற்றுகை போட்டிருக்கிறார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, ஒரு காலத்தில் ஹைதராபாத்தையே ஆட்டிவைத்தவர், இப்போது வாதத்தால் நடமாடவே கஷ்டப்படுகிற கிழவர். சுஃப்ரானிடம் பீரங்கி இருக்கிறது, ஆள் இல்லை. புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் வாங்கினார், சிப்பாய்கள் உட்பட. இன்னொரு கூத்து: முந்தைய வருடம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு பிரெஞ்சு அட்மிரல் கொடிக்கப்பலோடு பிடிபட்டதால், இனிமேல் அட்மிரல்கள் சின்னக் கப்பலில் தள்ளி நின்றுதான் சண்டை நடத்த வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டிருந்தார். ஐந்து சண்டையில் முதல் நான்கிலும் முன்னால் நின்று அடித்த மனுஷன், கடைசி ஆட்டத்தில் பவுண்டரி லைனுக்கு வெளியே நின்று கத்த வேண்டியதாயிற்று.

இருந்தும் ஜெயித்தார் என்றே சொல்லலாம். ஹியூஸிடம் குடிதண்ணீர் தீர்ந்திருந்தது, ஆட்களுக்கு ஸ்கர்வி. அவர் சென்னைக்கு விலகிப்போனார். கடலூர் பிழைத்தது. ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி கட்டிய ஒரு இங்கிலீஷ் கப்பல் அந்தத் தபாலைக் கொண்டுவந்தது.

ஒப்பந்தத்தின்படி என்ன ஆயிற்று? சுஃப்ரான் பிடித்த திருகோணமலை டச்சுக்காரருக்கு. அவர் காப்பாற்றிய கடலூர் இங்கிலீஷ்காரருக்கு, 1785-ல் கைமாறியது. ஊர் திரும்பும் வழியில் கேப் டவுனில் ஹியூஸின் கேப்டன்களே வந்து சுஃப்ரானைப் பார்த்து மரியாதை செய்தார்கள். 2019-ல் பிரான்ஸ் மிதக்கவிட்ட ஓர் அணுசக்தி நீர்மூழ்கிக்கு அவர் பெயர். ஹியூஸின் கொடிக்கப்பல் சூப்பர்ப், அதே 1783 நவம்பரில், தலைச்சேரிக்கு எதிரே முழுகியது. ஆனால் ஹியூஸ் சேர்த்த சொத்து முழுகவில்லை. அது பேரன் முறையான ஒரு ஷோக்குப் பேர்வழியின் கைக்கு வருடம் நாற்பதாயிரம் பவுண்டாகப் போய்ச் சேர்ந்து, லண்டன் சூதாட்ட மேஜைகளில் கரைந்தது.

வாடியாக்கள் மட்டும் விடாமல் கட்டிக்கொண்டே இருந்தார்கள். லவ்ஜியின் வம்சத்தில் வந்த ஜம்ஷெட்ஜி, தான் கட்டிய கப்பலின் ஏரா மரத்தில், இதைக் கட்டியவன் ஒரு கறுப்பன்தான் என்று நல்ல இங்கிலீஷ் வசவோடு சேர்த்துச் செதுக்கிவைத்தார், அது வருஷங்கள் கழித்துத்தான் வெள்ளைக்காரர் கண்ணில் பட்டது என்று சொல்வார்கள். 1817-ல் அவர்கள் கட்டி மிதக்கவிட்ட தேக்குக் கப்பலுக்கு, ஹியூஸ் கோட்டைவிட்ட ஊரின் பெயரையே, டிரிங்கோமலீ என்று வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் இன்றும் அது தண்ணீரில் நிற்கிறது. குடும்பம் பிற்பாடு பாம்பே டையிங், பிரிட்டானியா பிஸ்கட் என்று கரையேறியது. ஊரார் கப்பலையெல்லாம் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த அந்த வீட்டு விமானக் கம்பெனி, என்ஜின் ரிப்பேராகி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று சொல்லி 2023-ல் திவால் மனு கொடுத்தது.

அந்தப் பழைய பள்ளங்கள் மும்பை நேவல் டாக்யார்டுக்குள் இருக்கின்றன. பார்க்கலாம் என்று லயன் கேட் பக்கம் போய் நிற்காதீர்கள். உள்ளே விடமாட்டார்கள், கடற்படைக்காரர்கள் இன்னும் அங்கே ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.